தெரியாது என்றால் தெரியாது

யாராவது வழி தெரியாமலே கையை நீட்டி வழி காட்டிவிட்டால் அக்காவுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். ஒருமுறை செம்பூரில் ரேஷன் ஆபீஸைத் தேடி அவளும் நானும் அலைந்தோம். ஒரு பான் கடைக்காரர் நேராகப் போய் இடது பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினோம். அங்கே ஒரு காம்பவுண்டுச் சுவரும், அதன்மேல் காயப்போட்ட கோணிகளும்தான் இருந்தன. வேறு யாரையாவது கேட்போம் என்றேன். அக்கா காதில் வாங்கவில்லை. கொளுத்துகிற வெயிலில் வந்த வழியே நடந்து, பான் கடை முன்னால் போய் நின்றாள்.

"பாய், மாலும் நஹி தோ மாலும் நஹி போலோ" என்றாள், தன் ஹிந்தியில். பிறகு என் பக்கம் திரும்பினாள். "தெரியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா இவன் கடை இடிஞ்சு விழுந்துருமாட்டி?"

அந்த மனிதர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. ரேஷன் ஆபீஸ் மூடும்வரை அவரோடு சண்டை போட்டுவிட்டு, போன வேலை முடியாமல் வீடு திரும்பினோம்.

தாராவியில் வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள எங்கள் சாலில் எங்களுக்கு நேர் எதிர் அறை அவளுடையது. ஒற்றை அறை, அதுதான் வீடு, அதுதான் கடை. வாசலை ஒட்டித் தையல் மெஷின். புடவைக்கு ஃபால் அடிப்பாள், ஓரத்துக்குப் பீக்கோ போடுவாள். "இந்தச் சாயம் போகுமாக்கா?" என்று கேட்டால், "தெரியாது. நனைச்சுப் பாத்துட்டுக் கொண்டாங்க" என்பாள். மற்றவர்கள் வாய் கூசாமல் 'போகாது' என்று சொல்லித் துணியை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் சந்தில் அவளுக்குத் திமிர்பிடித்தவள் என்று பெயர்.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அம்மாவிடம் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு, பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அக்காவிடமும் கேட்டாள், "ஒண்ணும் ஆகாதில்ல?" என்று. அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "தெரியாது மதினி. ஆனா நான் இங்கனதான் இருப்பேன்." அப்பா பிழைத்து வீட்டுக்கு வரும்வரை அவள் மெஷின் மூடியே கிடந்தது.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளைப் பார்த்தேயிராதவர்கள் அந்தப் பெயரைப் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதிவிட்டார்கள். அவள் தங்கையின் பெயரை எழுதுவேன். அதை அவர்கள் ஒழுங்காக எழுதியதே இல்லை. பேச்சியம்மாள். நாங்கள் பேச்சி என்போம். செம்பூரில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நடக்கும்போது பாட்டு முணுமுணுப்பாள், எப்போதும் சுருதி விலகித்தான் இருக்கும். அவளை ஒருவன் கொன்று கோவண்டிப் பக்கம் தண்டவாள ஓரத்தில் போட்டான். அவளுக்கு முன்பும் பெண்களைக் கொன்றிருந்தான், பின்பும் கொன்றான். ஒவ்வொரு உடலின் பக்கத்திலும் ஒரு சீட்டு. அதில் எண்கள், நடுநடுவே சின்னச் சின்னக் கட்டம், வட்டம். பிறகு ஒருநாள் அது நின்றுபோனது. ஆள் அகப்படவில்லை. சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது என்று நான் இப்போது எழுதினேனே, இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இந்த ஊரில் ஆளில்லாமல் போனது.

கொலைகள் நின்று சில வருஷம் எல்லாரும் மறந்திருந்தார்கள். எல்லார் கையிலும் போன் வந்தது, கூடவே துப்பறிகிறவர்களும் வந்தார்கள். உடல்கள் கிடந்த இடங்களை வரைபடத்தில் கோடு போட்டு இணைத்து, அது ஒரு நட்சத்திரம் என்றான் ஒருவன். இன்னொருவன் அமாவாசைக் கணக்குப் போட்டான். நவி மும்பையிலிருந்து ஒரு பெண் வாராவாரம் யூடியூபில் மெல்லிய இசையோடு பேசினாள். நடுவில் தலைக்கு எண்ணெய் விளம்பரம் வரும். பேச்சியின் செருப்புகள் உடலுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தனவாம். ஆகவே அவளே கழற்றி வைத்திருக்கிறாள், ஆகவே கொன்றவன் அவளுக்கு நெருக்கமானவன் என்றாள் அந்தப் பெண். அந்த 'ஆகவே'யைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பேச்சி செருப்ப எப்பமும் ஒழுங்காத்தான வைப்பா? அதச் சொல்லுங்கக்கா" என்றேன்.

"எங்க வச்சா? ஒண்ணு வாசல்ல கெடக்கும், ஒண்ணு கட்டிலுக்கு அடியில கெடக்கும். அன்னைக்கு அத யாரு ஜோடி சேத்து வச்சான்னு எனக்குத் தெரியாது. அந்தப் புள்ளைக்கும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதான?"

தனக்குச் சாதகமான பொய்யைக்கூட அவளால் சொல்ல முடியாது. அதுதான் அவள். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அவள் புருஷன் சுப்பையா. நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். கோவண்டியில் கராஜ் வரிசையில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவர். பேச்சு குறைவு. நாலு வார்த்தைக்கு ஒரு தலையாட்டல் என்று கணக்கு வைத்திருப்பவர்போல இருப்பார். பேச்சி இறந்த சமயத்தில், வீட்டு ஆண் என்று அவரையும் போலீஸ் கூட்டிப்போய் விசாரித்து, அன்று கராஜில் வேலை செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. அப்போது ஒரு பத்திரிகையில் மூலையில் அவர் பெயர் வந்தது. அந்த மூலையைத்தான் மாட்டுங்காவில் ஒருவர் கண்டுபிடித்தார்.

மாட்டுங்காக்காரர் பெரிய ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். குறுக்கெழுத்துப் போட்டிகளில் புலி என்று பேர். மனைவி தவறிவிட்டார், மகள் வெளிநாட்டில். தனிமையாக இருந்திருக்கும். இருக்கட்டும். தனிமையில் இருக்கிறவர்களெல்லாம் அடுத்தவன் வீட்டைக் கொளுத்தியா குளிர்காய்கிறார்கள்? அவர் போட்ட வீடியோவில், கொலைகாரன் தமிழன், அதனால்தான் சீட்டைப் படிக்கப் போலீஸால் முடியவில்லை என்றார். பேச்சியின் சீட்டில் இருந்த எண்களில் மூன்றை எடுத்துக்கொண்டார். மெய்யெழுத்து வரிசையில் மூன்றாவது ச, ஒன்பதாவது ப, பதினொன்றாவது ய. 'ச, ப, ய. இதுல உயிரெழுத்தைச் சேர்த்துப் பாருங்கோ' என்றார். மீதி எண்கள்? அவை நம் கவனத்தைத் திருப்புவதற்காகப் போட்டவையாம். சுப்பையாவில் இரண்டு ப இருக்கிறதே? கொலைகாரன் சுருக்கி எழுதிவிட்டானாம். கட்டமும் வட்டமும் நம்பர் பிளேட்டுக்கு அளவு எடுக்கிறவனின் கைப்பழக்கமாம். பெயரைச் சொல்லவில்லை, நாகரிகமானவர். 'உறவுக்காரர் ஒருவர், கோவண்டியில் நம்பர் எழுதுகிறவர்' என்று மட்டும் சொன்னார். கோவண்டியில் அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

கராஜ் பையன்கள் அண்ணாச்சியை 'கோட்வாலா', சங்கேதம் எழுதுகிறவன், என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்துக்கொண்டு. பிறகு சிரிக்காமல்.

எனக்கு அப்போது மாட்டுங்காவில்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு சின்ன ஹாலில் இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறார் என்று போஸ்டர் பார்த்தேன். சொன்னதும் அக்கா மெஷினிலிருந்து எழுந்துவிட்டாள். இருவரும் போனோம். இஸ்திரி கலையாத சட்டைகள், பட்டுப் புடவைகள், வாசலில் சின்ன டம்ளரில் காபி. வாசலில் நின்ற ஒருவர் எங்கள் பேரும் போன் நம்பரும் கேட்டுக் குறித்துக்கொண்டார். திரையில் பேச்சியின் சீட்டைப் பெரிதாகக் காட்டினார்கள். அதன் மூலையில் மங்கலாக ஒரு கறை. அது என்ன கறை என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவர் ஆர்வம் தாங்காமல் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்.

பேச்சு முடிந்து கேள்வி கேட்கலாம் என்றதும் அக்கா எழுந்தாள்.

"நான் பேச்சியோட அக்கா."

ஹால் முழுக்க ஒரு சலசலப்பு. போன்கள் உயர்ந்தன. மாட்டுங்காக்காரரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கல்யாண வீட்டில் முக்கியமான ஆள் வந்துவிட்டதுபோல.

"அடடா, வாங்கோம்மா, வாங்கோ. மேடைக்கு வந்து உக்காருங்கோ."

"நான் உக்கார வரல. நீங்க சொல்லுத ஆளு என் வீட்டுக்காரரு. அவரு செஞ்சாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான் அப்படிச் சொல்லவேயில்லையேம்மா. இது ஒரு தியரி. சாத்தியம் இருக்குன்னுதான்..."

"தெரியுமா, தெரியாதா?"

அவர் சிரித்தபடியே மைக்கை அவள் பக்கம் நீட்டினார். "சரி, உங்களையே கேக்கறேன். அன்னிக்கு அவர் எங்கே இருந்தார்? உங்களுக்குத் தெரியுமோ?"

பேச்சி செத்த அன்று அக்கா சொந்த ஊரில் இருந்தாள், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தாள். எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை பொய் சொல்லேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். 'என் பக்கத்தில்தான் இருந்தார்' என்று சொல்லிவிட்டு வா, போய்விடலாம்.

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"தெரியாது. நான் ஊர்ல இருந்தேன். வேலைல இருந்தேன்னு அவரு சொன்னாரு. போலீசும் விசாரிச்சிப் பாத்துட்டுச் சரின்னு விட்டுட்டாவ."

மாலைக்குள் அந்த வீடியோ ஊர் முழுக்கப் பரவியது. அவள் சொன்னதில் முதல் வார்த்தை மட்டும்தான் அதில் இருந்தது. அவர் கேட்பார், அவள் 'தெரியாது' என்பாள், அங்கே வெட்டியிருந்தார்கள். அடியில் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் எழுத்து ஓடியது: இறந்தவளின் அக்காவே மறுக்கவில்லை.

அடுத்த நாள் அண்ணாச்சியை அடித்தார்கள். யார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இன்னொரு பெண்ணின் சொந்தக்காரர்கள் என்றார்கள், கராஜ் பையன்கள்தான் என்றார்கள். பெயிண்ட் டப்பாக்களை அவர் தலையில் கொட்டி, இரும்புக் கம்பியால் அடித்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவந்தபின் அந்தக் கையால் ஒரு நேர்க்கோடு இழுக்க முடியவில்லை. நம்பர் எழுதுகிறவனுக்கு நேர்க்கோடு போய்விட்டால் அப்புறம் என்ன?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள், தலைமுடியில் இன்னும் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருக்க, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது எதிர் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஒனக்குத் தெரியாதாட்டி?"

"நீங்க செய்யலன்னு எனக்குத் தெரியும். எங்க இருந்தியன்னு நான் பாக்கல. அது வேற, இது வேற."

"ஊரு அப்படியா கேட்டுச்சி?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. சோறு வைத்தாள், தின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள், கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து என் போனுக்கு மாட்டுங்காக்காரரின் குரல் வந்தது. ஹாலில் குறித்துக்கொண்ட நம்பர். "அந்த அம்மாகிட்டச் சொல்லுங்கோ, நல்ல சேதி. புதுசா ஒரு முறைல பண்ணிப் பார்த்தேன். வேற பேர் வந்திருக்கு. அவா ஆத்துக்காரர் இல்லை. இந்த ஆள் செத்துப்போயிட்டான், அதனால யாருக்கும் பிரச்சினையும் இல்லை."

போனை விட்டெறியலாம் என்று வந்தது. ஆனாலும் போய்ச் சொன்னேன். அக்கா துணியை மடித்து வைத்தாள். அண்ணாச்சியைப் பார்த்து, "கெளம்புங்க" என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் நேராகச் சொன்ன வார்த்தை அது.

மாட்டுங்காவில் அவர் வீடு மூன்றாவது மாடியில். மூவருக்கும் தன் கையாலேயே காபி கலந்து கொண்டுவந்தார். அண்ணாச்சியின் கோணிய மணிக்கட்டைப் பார்த்து, "அச்சச்சோ, கைக்கு என்னாச்சு?" என்றார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. வழக்கின் ஒவ்வொரு சீட்டும் மனப்பாடம், ஆனால் தன் வாயால் ஒருவன் கை ஒடிந்தது தெரியாது.

"விழுந்துட்டேன் சார்" என்றார் அண்ணாச்சி.

அக்கா காபியைத் தொடவில்லை. "அந்தப் பழைய வீடியோவ எடுங்க."

"எடுக்கலாம்மா. ஆனா என் யோசனை எப்படிப் படிப்படியா வளர்ந்ததுன்னு பாக்கறவாளுக்குப் புரியணுமில்லையா? தப்பும் ஒரு படிதானே. கீழே ஒரு குறிப்பு எழுதிடறேன், புது வீடியோவைப் பாருங்கோன்னு."

"தப்பா? தப்புன்னு சொல்லுதியளா? அப்ப அதச் சொல்லுங்க. எனக்குத் தெரியாது, தெரியாமச் சொல்லிட்டேன்னு அந்தப் பொட்டில வந்து சொல்லுங்க."

"தியரிக்கு யாரும் மன்னிப்புக் கேக்கறதில்லைம்மா" என்றார், குழந்தைக்குச் சொல்வதுபோல.

அக்கா எழுந்து நின்றாள். ஓரடி அவர் பக்கம் போனாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன்; அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரை இடது கையால் பத்திரமாகக் கீழே வைத்து, "ரொம்ப நன்றி சார்" என்றார்.

மாடிப்படியில் அக்கா வெடித்தாள். கீழ்வீட்டுக் கதவுகள் திறந்தன.

"என்னத்துக்கு நன்றி? கைய ஒடிச்சதுக்கா? அந்தாளு குடுத்த காப்பி தொண்டைல எறங்குச்சா ஒங்களுக்கு?"

அண்ணாச்சி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தமே போடவில்லை.

"நான் செய்யலன்னு அவரு சொன்னாத்தான ஊரு நம்பும்? நீ சொல்லிருந்தாலும் நம்பிருக்கும். நீ சொல்லல."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணாச்சி அவளைத் தாண்டி இறங்கிப்போனார்.

அதற்கப்புறம் அவர்கள் தாராவியில் இருக்கவில்லை. அண்ணாச்சியைத் தெரியாத இடமாக வேண்டும் என்று நவி மும்பையில் கோபர்கைரனேக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு கட்டடத்தில் அவருக்கு வாட்ச்மேன் வேலை, அவளுக்கு அதே மெஷின். எப்போதாவது போவேன். டீ கொடுப்பாள். அவர் கட்டிலில் இருப்பார், அவள் மெஷினில் இருப்பாள், என்னிடம்தான் இருவரும் பேசுவார்கள். 'அவருகிட்டச் சொல்லு, மருந்து தீந்துட்டுன்னு' என்பாள், அவர் எதிரிலேயே. போகப் போக என் போக்குவரத்தும் நின்றது.

பழைய வீடியோ இன்னும் இருக்கிறது. கீழே குறிப்பு எதுவும் இல்லை. மாட்டுங்காக்காரர் இறந்துவிட்டார், அவர் விட்ட இடத்திலிருந்து இளைஞர்கள் தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் அப்படி ஒருவனின் வீடியோ எனக்கு வந்தது. அழகாகத் தாடி வைத்த பையன், தமிழ் தடுமாறுகிறது. கொலைகாரன் ஆணாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்கிறான். தங்கை செத்ததற்கு அழாமல் ஏன் அந்தப் பெண் எல்லோரிடமும் கத்துகிறாள்? எதைக் கேட்டாலும் ஏன் தெரியாது என்கிறாள்? ஊரில் இருந்தேன் என்கிறாளே, அதற்கு என்ன சாட்சி? பிறகு அக்காவின் முகம், அந்த ஹாலில் எடுத்தது, அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பேச்சியின் பெயரை 'பிச்சி' என்று போட்டிருந்தான்.

வேறு யாரோ சொல்லி அவளுக்குத் தெரியவரக் கூடாது என்று நானே கூப்பிட்டேன்.

"அக்கா, ஒருத்தன் ஒங்களையே சொல்லுதான். நீங்கதான் பேச்சியக் கொன்னியன்னு."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள் போல; அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. "என்ன காரணம் சொல்லுதான்?"

சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் கிறுக்கு. ஆனா ஒண்ணு அவன் கேக்கது சரிதான்" என்றாள். "நான் ஊர்ல இருந்தேன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? ரயில் டிக்கெட்டயா வச்சிருக்கேன்?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதற்குள் போனை யாரோ பிடுங்குகிற சத்தம். அண்ணாச்சி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"எவம்ல அவன்? பாப்பா, அவன் நம்பரக் குடு. அவ அன்னைக்கு ஊருக்குப் போவல. எங்கூடத்தான் இருந்தா, என் பக்கத்துலயே இருந்தா. நான் பாத்தேன். எந்தக் கோர்ட்டுல கூப்புட்டாலும் வந்து சொல்லுதேன்!"

"ஐயோ, பொய் சொல்லாதிய!" பின்னாலிருந்து அக்கா கத்தினாள். "பாப்பா, நம்பாத! நான் ஊர்லதான் இருந்தேன், கொடைக்குப் போயிருந்தேன்!"

"நீ சும்மா கெட. இங்கதான் இருந்தா பாப்பா. எழுதிக்கோ."

"எழுதாதட்டி! அவருக்குத் தெரியாது! நீங்க எதுக்கு இப்பம் பொய் சொல்லுதிய?"

"சொல்லுவேன். ஒனக்காகச் சொல்லுவேன். ஒனக்கு என்ன செய்யணுமோ செஞ்சுக்க."

பிறகு என்னை மறந்துவிட்டார்கள். போன் எங்கேயோ, மெஷின் மேலோ கட்டில் மேலோ கிடந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேராகக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் துண்டிக்கவில்லை.